மாணவர் இதழை வடிவமைத்த டி.டி.பி. கடை: ஒரு மதிப்பீடு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ் வழிப் பிரிவு உள்ள ஒரு பள்ளியில் நான் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் எழுதும் கதை, கவிதை, நேர்காணல், விடுகதை ஆகியவற்றைத் தொகுத்து, ஏ5 அளவில் 48 பக்க இதழாக ஆண்டுக்கு ஒருமுறை அச்சிடுகிறோம். சென்ற ஆண்டு இதழை ஒரு கடையிலும், இவ்வாண்டு இதழைக் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் உள்ள வேறொரு கடையிலும் வடிவமைத்தோம். எழுத்தின் தரம் இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சென்ற ஆண்டு இதழைப் பிள்ளைகள் தங்கள் பெயர் வந்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள்; இவ்வாண்டு இதழ் உணவு இடைவேளையில் கைமாறிக்கொண்டே இருந்தது. இந்த வேறுபாட்டுக்குப் பக்க வடிவமைப்பே காரணம் என்று நான் கருதுவதால், இரண்டாவது கடையின் பணியைச் சற்று விரிவாக மதிப்பிட விரும்புகிறேன். குறைகளையும் எழுதப்போவதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் சென்ற ஆண்டு இதழ் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றிப் பூவேலைப்பாடு கொண்ட கட்டம் போடப்பட்டிருந்தது. தலைப்புகள் இடத்துக்கு ஏற்றவாறு அகலத்தில் நெருக்கப்பட்டும், நிழல் விழுந்தும், வெளிக்கோடு சூழ்ந்தும், பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு எழுத்துருவில் இருந்தன. மழையைப் பற்றி எட்டாம் வகுப்பு மாணவி எழுதிய பன்னிரண்டு வரிக் கவிதைக்குப் பின்னணியாக, இணையத்திலிருந்து எடுத்த குடைப் படம் ஒன்று மங்கலாக விரிந்திருந்தது. அந்தக் குடையின் கம்பி எது, எழுத்தின் கால் எது என்று பிரித்தறியவே முடியவில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்து கொடுத்ததை அந்தக் கடை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு ஏற்ற எழுத்துருவாக மாற்றியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பான 7.0 வெளிவந்தது 2001ஆம் ஆண்டில். அது ஒருங்குறியை அறியாத மென்பொருள். மாற்றும்போது ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் சிதைந்தன, சில இடங்களில் ஒற்றைக் கொம்பு ஒரு வரியின் முடிவிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்திலுமாகப் பிரிந்து நின்றன. எழுதியவரின் பெயரும் வகுப்பும் கட்டுரையின் கடைசியில், சில சமயம் அடுத்த பக்கத்தின் உச்சியில், வேறொருவரின் கதைக்கு மேலே வந்திருந்தன. தன் கதை இன்னொருவன் பெயரில் வந்திருப்பதாக நினைத்து ஒரு பையன் என்னிடம் வந்து அழுததை நான் மறக்கவில்லை.

இவ்வாண்டு நாங்கள் போன கடையில் முதல் நாள் கணினியே திறக்கப்படவில்லை. உரிமையாளர் நாங்கள் கொண்டுபோன பிரதிகளில் ஐந்தாறை அங்கேயே உட்கார்ந்து படித்தார். பிறகு ஏ4 தாள்களை மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரி இதழ், செய்து, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று பென்சிலால் குறித்தார். என்னுடன் வந்திருந்த மாணவர்கள் மூவரிடம் சென்ற ஆண்டு இதழைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். “முதல்ல என்ன தெரியுது?” என்று கேட்டார். பூக்கட்டம் என்றார்கள். “அடுத்தது?” குடை என்றார்கள். கவிதை மூன்றாவதாகக்கூட வரவில்லை. பார்வை எந்த வரிசையில் பக்கத்தில் நகர்கிறது என்பதைப் பாடமாக நடத்தினால் ஒரு வகுப்பு நேரம் ஆகும். அவர் இரண்டு நிமிடத்தில் காட்டினார். எங்கள் பிள்ளைகள் லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளி மாணவர் கணினிக் குழுவில் ஜிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய பட மென்பொருள்களைப் பழகியவர்கள் என்பதால் கருவிகளை அறிவார்கள். எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

இந்தக் கடையின் பணியில் நான் மிகவும் மதிப்பது, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கருதிப் பக்கம் அமைத்ததைத்தான். பக்க வடிவமைப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அழுத்தம் வேண்டுமானால் பெரிய எழுத்தில் எழுது, நூற்பெயரைச் சாய்வெழுத்தில் எழுது என்பவை நமக்கு உதவா. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை, சாய்த்த தமிழ் எழுத்தோ காற்றில் சாய்ந்த வேலி போல் தோன்றுகிறது. ஆகவே எது தலைப்பு, எது உட்தலைப்பு, எது பெயர், எது உரை என்ற படிநிலையை அளவு, தடிமன், இடைவெளி ஆகிய மூன்றைக் கொண்டே காட்ட வேண்டியிருக்கிறது. கடைக்காரர் இதழ் முழுவதற்கும் நான்கே அளவுகளைப் பாயிண்ட் என்ற அச்சு அலகில் வகுத்தார்: தலைப்புக்கு 22 பாயிண்ட், உட்தலைப்புக்கு 14, உரைக்கு 11, பெயருக்கும் படக்குறிப்புக்கும் 9. இந்த நான்கையும் ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, இவற்றுக்கு இடைப்பட்ட அளவு எதையும் கேட்கக் கூடாது என்றார். “இந்தத் தலைப்பு மட்டும் கொஞ்சம் பெரிசா” என்று நான் இருமுறை கேட்டுப் பார்த்தேன், இருமுறையும் மறுத்தார். அச்சில் பார்த்தபோது அவர் பக்கமே நியாயம் இருந்தது. எல்லாத் தலைப்புகளும் ஒரே அளவில், பக்கத்தின் ஒரே உயரத்தில் தொடங்கியதால், புரட்டும்போது கண் தேடி அலையாமல் அந்த இடத்துக்கே போகிறது.

எழுத்துருத் தேர்வில் கொஞ்சம் விவாதம் நடந்தது. மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவை நான் விரும்பிக் கேட்டேன். மலையாளத்தில் புகழ்பெற்ற மீரா எழுத்துருவை வழங்கிய ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளக் குழுவிடமிருந்தே தமிழுக்கும் வந்த எழுத்துரு அது. கேரளத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் இதழுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும் என்பது என் எண்ணம். அது ஒரே தடிமனில் மட்டுமே கிடைப்பதால் தலைப்புக்கும் உரைக்கும் வேறுபாடு காட்ட முடியாது, மென்பொருளைக் கொண்டு செயற்கையாகத் தடிக்க வைத்தால் எழுத்தின் உட்சுழிகள் அடைபடும் என்று அவர் விளக்கினார். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற எழுத்துகளைத் தடிக்க வைத்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டேன். இறுதியில் தலைப்புகளுக்கு முக்தா மலரும், உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழும் அமைந்தன. முக்தா மலர் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஏழு தடிமன்களில் கிடைக்கிறது. நோட்டோ செரிஃபில் கோடு தடித்தும் மெலிந்தும் வருவதால் நீண்ட உரையைப் படிக்கக் கண் சோர்வதில்லை. இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை என்பதால், பிள்ளைகள் வீட்டிலும் பள்ளிக் கணினியிலும் நிறுவிக்கொண்டு அடுத்த ஆண்டுக்குப் பழகலாம். மீரா இனிமையை நான் முற்றிலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே தடிமன் போதுமான இடமாகப் பார்த்து, உள் அட்டையில் உள்ள நன்றியுரைக்கு அதைப் பயன்படுத்தக் கேட்டுப் பெற்றேன்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழில் புள்ளியும் இகர ஈகார விலங்குகளும் மேலே ஏறுகின்றன; உகர ஊகாரக் கால்கள் கீழே இறங்குகின்றன. ஆங்கில உரைக்குப் போதுமான இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால், மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘ணீ’யும் முட்டிக்கொள்ளும். சென்ற ஆண்டு 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் வரி இடைவெளி வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பக்கமே சாம்பல் பூசிய தகடு போல் இருந்தது. இவ்வாண்டு 11 பாயிண்ட் எழுத்துக்கு 16 பாயிண்ட் இடைவெளி. சொல்லும்போது ஒரு மில்லிமீட்டர் கணக்குத்தான், ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரல் வைத்துப் படிக்கையில் வரி தவறாமல் போகிறது.

வரியின் நீளத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். ஓரங்களை விட்டால் ஏறக்குறைய 110 மில்லிமீட்டர்தான் எழுத்துக்குக் கிடைக்கும். அதை இரண்டு பத்தியாகப் பிரித்து, இருபுறமும் சமன் செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்ற ஆண்டு இதழே சாட்சி. ‘நடந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது போன்ற ஒரு சொல் வரியின் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டபின், மீதியை நிரப்ப இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு முழு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அப்படிப்பட்ட இடைவெளிகள் அடுத்தடுத்த வரிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து, பக்கத்தின் நடுவே வெள்ளை ஓடையாக ஓடின. நாளிதழ்கள் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோய் இதைச் சமாளிக்கின்றன; பெரியவர்களுக்கு அது பழகிவிட்டது, ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு உடைந்த சொல் ஒரு தடை. இந்தக் கடை ஒற்றைப் பத்தி அமைத்து, இடப்பக்கத்தை மட்டும் நேராக நிறுத்தி, வலப்பக்கத்தை அதன்போக்கில் விட்டது. சொற்களை உடைக்க நேர்ந்த மிகச் சில இடங்களில், மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது என்ற பழைய அச்சுக்கோப்பாளர் ஒழுங்கைக் கடைப்பிடித்தது. கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த ஒழுங்கு தெரிந்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது, அவருடைய தந்தை ஈய எழுத்துக் காலத்தில் கோவையில் கம்பாசிட்டராக இருந்தவர் என்றார்.

வெள்ளை இடத்தைப் பற்றி எங்களுக்குள் உண்மையான மோதல் ஏற்பட்டது. இது இன்னும் எனக்கு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. பக்கத்தில் இடம் விட வேண்டும், விட்ட இடமும் வடிவமைப்பின் பகுதிதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் 61 பிள்ளைகளின் படைப்புகள் இருந்தன. அச்சுக்கணக்கு, 16 பக்கங்கள் சேர்ந்த அச்சுத் தொகுதியான ஃபாரம் ஒன்றுக்கு என்று நடப்பதால், 48ஐத் தாண்டினால் 64க்குத்தான் போக முடியும். அதற்குப் பணம் இல்லை. ஆறு படைப்புகளை எடுத்துவிட்டால் இதழ் அழகாக இருக்கும் என்றார் கடைக்காரர். அவர் சொன்னது வடிவமைப்பாளரின் கோணத்தில் சரி. ஆனால் மாணவர் இதழில் விடுபடும் ஆறு பேர் யார் என்று நான்தான் வகுப்பில் நின்று சொல்ல வேண்டும். எடுக்க முடியாது என்று உறுதியாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே ஒரு வழி கொண்டுவந்தார்: எல்லாப் பக்கங்களின் அடிப்பகுதியிலும் 22 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பட்டையை ஒதுக்கி, அதில் விடுகதைகளையும் நான்குவரிக் கவிதைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக ஓடவிட்டார். விடை அடுத்த பக்கத்துப் பட்டையில் வரும். பிள்ளைகள் இதழைப் புரட்டிக்கொண்டே போனதற்கு இந்தப் பட்டைதான் முதல் காரணம். இடப்பற்றாக்குறை வராமல் இருந்திருந்தால் இது பிறந்திருக்காது. ஆயினும் பட்டையில் போன பிள்ளைகள் சிலர், தங்களுக்கு முழுப் பக்கம் கிடைக்கவில்லை என்று வருந்தியதும் உண்மை.

எழுதியவரின் பெயரும் வகுப்பும் இம்முறை தலைப்புக்கு நேர் கீழே, இடையில் எதுவும் புகாமல் வந்தன. ஒன்றோடொன்று உறவுள்ளவை அருகருகே நிற்க வேண்டும் என்ற எளிய விதிதான். படக்குறிப்புகளும் அவ்வாறே படத்தை ஒட்டி நின்றன.

இதழின் நடுவில் ‘இரு மொழி, ஒரு சொல்’ என்ற அட்டவணை இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒலியுடன் வழங்கி, பொருளில் விலகும் சொற்களைப் பிள்ளைகள் தொகுத்தார்கள். வெள்ளம் என்றால் தமிழில் பெருகி வரும் நீர், மலையாளத்தில் குடிக்கும் நீரும் அதுவே. பட்டி நமக்குக் கால்நடை அடைக்கும் இடம், அவர்களுக்கு நாய். பனி நமக்குக் காலையில் புல்லின்மேல் இருப்பது, அவர்களுக்குக் காய்ச்சல். இத்தகைய அட்டவணை என்றால் நான்கு பக்கமும் கோடு இழுத்துச் சிறைக்கூண்டு போல ஆக்குவதுதான் வழக்கம். கடைக்காரர் நெடுங்கோடுகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, ஐந்து சொற்களுக்கு ஒரு மெல்லிய கிடைக்கோடு மட்டும் வைத்து, மூன்று நிரல்களையும் இடப்பக்கம் சீராக நிறுத்தினார். கோடு இல்லாமலேயே நிரல் தெரிகிறது. இதழின் மிகச் சிறந்த பக்கம் இதுதான் என்பது என் கருத்து; அட்டவணையைப் பற்றி மலையாள ஆசிரியர்களும் என்னிடம் விசாரித்தார்கள்.

வண்ணத்தில் எங்கள் வசதி மிகக் குறைவு. நடு ஃபாரத்தின் 16 பக்கங்களுக்கு மட்டும் கறுப்போடு இரண்டாவது வண்ணம் ஒன்று சேர்க்க முடிந்தது. பிள்ளைகள் ஆரஞ்சு கேட்டார்கள், மஞ்சள் கேட்டார்கள்; வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து கண்ணுக்குத் தெரியாது என்பதை ஒரு தாளில் அடித்துக் காட்டி, கடைக்காரர் எங்கள் ஊர்ப் பனையோலை காய்ந்தால் வரும் பழுப்பை ஒத்த நிறத்துக்கு அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தார். திரையில் படிக்கும் உரைக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை நெறிமுறை சொல்கிறது, இதழைப் பி.டி.எஃப். ஆகவும் பெற்றோருக்கு அனுப்பப்போவதால் அதையும் கணக்கிட்டுத்தான் அந்தப் பழுப்பைத் தேர்ந்ததாகச் சொன்னார்.

இவ்வளவு கவனமாக இருந்தவர் ஓர் இடத்தில் வழுக்கினார். நடு ஃபாரத்தின் அடிப்பட்டையில் விடைகளை மட்டும் பழுப்பின் 40 விழுக்காட்டுச் சாயலில், 9 பாயிண்டில் அமைத்தார். விடை உடனே கண்ணில் படக் கூடாது என்பது நோக்கம். திரையில் அழகாகத்தான் இருந்தது. அச்சில் சாயல் என்பது நுண்புள்ளிகளின் கூட்டம் என்பதால், சிறிய எழுத்தின் ஓரங்கள் உதிர்ந்து, மெய்யெழுத்துகளின் தலைப்புள்ளிகள் பல இடங்களில் மறைந்தே போயின. ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மறைந்தால் எழுத்து அழகு இழக்கும், அவ்வளவுதான். தமிழில் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ‘கண்’ என்ற விடை ‘கண’ என்று வந்திருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். சாயலைத் தடித்த தலைப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், சிறிய உரைக்கு ஒருபோதும் கூடாது என்பதை அடுத்த ஆண்டுக்கான குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதிவைத்திருக்கிறேன்.

படங்களின் குறைக்குக் கடையைவிட நாங்களே பொறுப்பு. நேர்காணலுக்காகப் பிள்ளைகள் எடுத்த படங்களை வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினோம். அவை சுருங்கிப்போய்ச் சேர்ந்தன. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் வேண்டும் என்றால், நீளப்பக்கம் 1200 புள்ளிகள் உள்ள படத்தை 4 அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க முடியாது. ஆவணமாக அனுப்பியிருந்தால் முழு அளவில் போயிருக்கும். ஒரு படத்தை மட்டும் மறுபடி அனுப்ப முடிந்தது. மற்றவை சிறியதாகவே வந்தன. எனக்கென்னவோ அவை சிறியதாக வந்ததே நன்றாக இருக்கிறது.

தலைப்புகள் சிலவற்றைப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே வைக்கலாம் என்ற யோசனையும் கடையிலிருந்து வந்ததுதான். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதச் செய்து, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் (டிபிஐ) என்ற அளவில் ஸ்கேன் செய்து, ஐந்து தலைப்புகளுக்கு அமைத்தார்கள். அவற்றுள் ஒன்று ஒரு மாணவனின் தாத்தா எழுதிக்கொடுத்தது. யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும் அதில் இருந்தன. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் பாடநூல்களிலிருந்து மறைந்த வடிவங்கள் அவை. மலையாளத்திலும் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து கூட்டெழுத்துகள் பல பிரிக்கப்பட்டன. இரு மொழிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அச்சு எந்திரத்துக்கும் தட்டச்சுக்கும் ஏற்ப வளைந்துகொடுத்தன என்பதை அந்த ஒரு தலைப்பை வைத்து வகுப்பில் பேச முடிந்தது.

அட்டையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் பள்ளியின் பெயர் மலையாளம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் வர வேண்டும். முதல் ப்ரூஃபில், அதாவது திருத்தம் பார்க்கத் தரும் படியில், மலையாளம் 30 பாயிண்ட், தமிழ் 18 பாயிண்ட். இதைக் கவனித்தது நான் இல்லை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திதான், “டீச்சர், இது நம்ம புத்தகம்தானே?” என்று கேட்டாள். பள்ளிப் பெயர்ப்பலகையில் இருக்கும் அளவைப் பார்த்து அப்படியே வைத்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். அவர் தமிழர்தான், உள்நோக்கம் எதுவும் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. எல்லையோரத்தில் நாமே இப்படிப் பழகிப்போயிருக்கிறோம். மறுநாள் இரண்டையும் 24 பாயிண்டுக்குக் கொண்டுவந்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. ஒரே பாயிண்டில் அமைத்தாலும் மஞ்சரி எழுத்துருவின் மலையாள எழுத்துகள் உருண்டு அகன்று பெரிதாகவும், முக்தா மலரின் தமிழ் எழுத்துகள் ஒடுங்கிச் சிறிதாகவும் தோன்றின. எண்ணில் சமமாக இருப்பதும் கண்ணுக்குச் சமமாகத் தோன்றுவதும் வேறு வேறு. அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, கடையில் வேலை செய்யும் அந்தப் பெண் தமிழை அரை அரைப் பாயிண்டாக ஏற்றி, 26.5 வந்ததும் நிறுத்தினார். இப்போது அட்டையில் எந்த மொழியும் மற்றொன்றைத் தள்ளிக்கொண்டு நிற்கவில்லை.

இனிக் குறைகள். அச்சுப்பணியை இவர்கள் பொள்ளாச்சியில் வேறோர் அச்சகத்தில் கொடுத்துச் செய்கிறார்கள்; அதனால் சொன்ன நாளுக்குப் பதினொரு நாள் தாமதமாகவே இதழ் வந்தது, ஆண்டு விழாவில் வெளியிட முடியாமல் ஒரு வாரம் கழித்துக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெளியிட்டோம். இரண்டு ப்ரூஃப் வரைதான் இலவசம். அதற்குமேல் திருத்தினால் பக்கத்துக்கு 20 ரூபாய் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை, கணக்கு முடிக்கும்போதுதான் சொன்னார்கள். எனக்கு மிகவும் மனக்குறையானது, வடிவமைப்பின் மூலக்கோப்பைத் தர மறுத்ததுதான். பி.டி.எஃப். மட்டுமே கிடைத்தது. பிள்ளைகள் அடுத்த ஆண்டு தாங்களே பக்கம் அமைத்துப் பார்க்க மூலக்கோப்பு கிடைத்தால் பெரிய உதவியாக இருந்திருக்கும். தன் உழைப்பை வேறொரு கடை எடுத்துக்கொள்ளும் என்ற அவருடைய அச்சமும் எனக்குப் புரிகிறது. பேசிப் பேசி, அளவுகளும் ஓரங்களும் குறித்த வெற்றுப் பக்கம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

செலவு விவரத்தையும் தருகிறேன். பக்க வடிவமைப்புக்குப் பக்கத்துக்கு 60 ரூபாய் வீதம் 2,880 ரூபாய், அட்டை வடிவமைப்புக்கு 800 ரூபாய், 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள், மேட் லேமினேஷன் செய்த ஆர்ட் கார்டு அட்டை, சென்டர் பின் என்ற கணக்கில் 300 படிகளுக்குப் படிக்கு 48 ரூபாய் வீதம் 14,400 ரூபாய். ஆகமொத்தம் 18,080 ரூபாய், திருத்தக் கட்டணம் தனி. சென்ற ஆண்டைவிட ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி இரண்டாவது வண்ணத்துக்குப் போனது. அதைத் தவிர்த்தால் பழைய செலவிலேயே முடிந்திருக்கும், இதழும் பெரிதாக எதையும் இழந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

திருமண அழைப்பிதழ் மட்டும் அடிக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கடையின் பொறுமையும் விளக்கங்களும் நேரவிரயமாகத் தோன்றலாம். பிள்ளைகளின் எழுத்தைக் கொண்டுபோகும் ஆசிரியர்களும், நூலகங்களின் இதழ்க் குழுவினரும் தாராளமாகப் போகலாம்; மாணவர்களில் இரண்டு மூன்று பேரையாவது உடன் அழைத்துப் போங்கள், முதல் நாளே திருத்தக் கட்டணத்தையும் மூலக்கோப்பையும் பற்றிப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தை மாதம் முழுவதும் அழைப்பிதழ்களும், மாசியில் சித்தூர்க் கொங்கன்படை விழாவையொட்டி நோட்டீஸ்களும் குவிவதால், பிரதியைக் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுவது நல்லது. நாங்கள் மார்கழியில் கொடுத்துத்தான் மாட்டிக்கொண்டோம்.